உகிர்

கன்னடத்தில் நகத்துக்கு 'உகுரு' என்று பெயர். துளுவிலும் உகுருதான். தெலுங்கில் 'கோரு', முதலெழுத்தைக் கோயிலில் வருவதுபோல் அல்லாமல் கோவிந்தனில் வருவதுபோல் மென்மையாகச் சொல்ல வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் உடன்பிறப்பு தமிழின் 'உகிர்'. அக்கம்பக்கத்து மொழிகளில் குளியலறையிலும் அடுப்படியிலும் புழங்கும் சொல், தமிழில் பாடநூலின் அருஞ்சொற்பொருள் பகுதிக்குள் ஒடுங்கிவிட்டது. கண், மூக்கு, வாய், பல், கை, கால், விரல், தோல் என்று உடம்பின் வெளிப்புறம் முழுக்கப் பழைய பெயர்களையே வைத்துக்கொண்டிருக்கும் நாம், விரல்நுனிக்கு வந்ததும் வடமொழிக்கு மாறிவிடுகிறோம்.

உகிர் ஒன்றும் அரிய சொல்லாக இருந்ததில்லை. மனிதருக்கும் விலங்குக்கும் பறவைக்கும் பொதுவான பெயர் அது. பட்டினப்பாலையில், புகார்ப் பண்டசாலை முற்றத்தில் அடுக்கிய மூட்டைகள்மேல் ஆட்டுக்கிடாயோடு ஏறித் துள்ளும் நாய்களுக்குக் கூரிய உகிர். ஆழ்வார்களின் நரசிங்கம் இரணியன் மார்பைப் பிளப்பது உகிரால். இவற்றையே படித்து வந்தால் அந்தச் சொல்லில் கொடுமையான வாசனை இருப்பதாகத் தோன்றும். பொருநராற்றுப்படை அந்த எண்ணத்தைத் திருத்திவிடும். அதில் வரும் பாடினியின் உகிர் பளபளப்பானது. புலவர் அதைக் கிளியின் அலகுக்கு ஒப்பிடுகிறார். நிறமும் வளைவும் மினுமினுப்பும் சேர்ந்து அமைந்த உவமை. இன்றைய உயிரியலும் அதற்குத் துணை நிற்கிறது. கிளியின் அலகைப் போர்த்தியிருப்பதும், நம் விரல்நுனியை மூடியிருப்பதும், நாயின் உகிரும், மாட்டின் குளம்பும் எல்லாம் கெரட்டின் என்று பெயர்பெற்ற புரதங்களால் ஆனவை. தோலின் மேலடுக்குச் செல்கள் அந்தப் புரதத்தால் நிரம்பி, உயிரடங்கி, தட்டையாகி, ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிக் கிடப்பதுதான் நகம். முடியும் அதே சரக்குதான்.

'நகம்' வந்த வழி வேறு. சமஸ்கிருதத்தின் 'நக'வுக்கு கிரேக்கத்தின் ஓனிக்ஸ், லத்தீனின் உங்குயிஸ், ஜெர்மனின் நாகெல் எல்லாம் ஒரே மூலத்துச் சொந்தங்கள். ஓனிக்ஸ் என்று நகைக்கடையில் விற்கும் வரிக்கல் கிரேக்கர் நகத்தின் பெயரால் அழைத்த கல்தான். நம் கதைகளிலும் இந்தச் சொல் ஒளிந்திருக்கிறது. சூர்ப்பம் என்றால் முறம். முறம்போல் அகன்ற நகம் உடையவள் சூர்ப்பணகை. தமிழ் எழுத்தில் க ஒன்றுதான் என்பதால் மலையைக் குறிக்கும் இன்னொரு வடசொல்லும் இதே 'நகம்' ஆகிவிட்டது. நிகண்டுகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பொற்கொல்லர் சொல்லும் நகாசு வேலைக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. அது அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல்.

வந்த சொல்லைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தமிழ் அதை வாங்கிக்கொண்டு நன்றாகவே வேலை வாங்கியிருக்கிறது. மிக நெருங்கிய இருவரை 'நகமும் சதையும்போல' என்கிறோம். அதில் எவ்வளவு உண்மை என்பதை உங்கள் கட்டைவிரலைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நகத் தகட்டின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் நுண்ணிய வரம்புகள் ஓடுகின்றன. கீழே உள்ள நகப்படுக்கையிலும் அதேபோல் வரம்புகள். ஒன்றின் பள்ளத்தில் மற்றதன் மேடு பொருந்திப் பிணைந்திருக்கிறது. உடம்பின் பெரும்பாலான இடங்களில் தோலுக்கடியில் ஒரு கொழுப்படுக்கு உண்டு. நகத்தின் கீழ் அதுவும் இல்லை, உள்தோல் நேரே எலும்பின் உறையோடு ஒட்டியிருக்கிறது. தகடு நிறமற்றது. நமக்குத் தெரியும் இளஞ்சிவப்பு, அடியில் ஓடும் இரத்தத்தின் நிறம். அழுத்திவிட்டால் வெளுக்கிறது, விட்டதும் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்புகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் நோயாளியின் விரலை அழுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். நுனியில் நகம் சதையை விட்டு விலகும் இடம் வெள்ளை. அந்த இடுக்குதான் நகக்கண். நரம்பு முனைகள் அடர்ந்த இடம் என்பதால், நகக்கண்ணில் ஒரு சிலாம்பு ஏறினாலும் உயிர் போகிற வலி.

அடியில் பிறைபோல் வெளுத்துத் தெரிவது நகம் பிறக்கும் இடத்தின் வெளியே தெரியும் பாகம். மீதி, தோல் மடிப்புக்குள் மறைந்திருக்கிறது. கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். கால்நகம் அதில் பாதிகூட வளராது. வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் 35 ஆண்டுகள், மாதம் பிறந்ததும் தன் இடது கட்டைவிரல் நகத்தின் அடியில் அரத்தால் ஒரு கோடு கீறி, அது நுனிக்கு வந்து சேரும் நாளைக் குறித்து வந்தார். 32 வயதில் அவர் நகம் நாளுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்தது. 67 வயதில் 0.095. 1980இல் அதை வெளியிட்டார். ஒரு மனிதர் தன் உடம்பின் கடைசி ஓரத்தை இவ்வளவு பொறுமையாகக் கவனித்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. கடும் காய்ச்சலிலோ பெருநோயிலோ வளர்ச்சி தடைப்பட்டால் குறுக்கே ஒரு பள்ளம் விழும். பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் போ 1846இல் விவரித்ததால் அதற்கு அவர் பெயர். பள்ளம் அடியிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அளந்தால், நோய் வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

சொல்லுக்குத் திரும்புவோம். உகிர் எங்கே உயிரோடு இருக்கிறது என்று தேடினால், நகச்சுற்றில் பிடித்துவிடலாம். பாத்திரம் கழுவி எந்நேரமும் ஈரத்தில் இருக்கும் விரலிலும், நகம் கடிப்பவர் விரலிலும், ஓரத்துத் தோல் பிய்ந்து கிருமி புகுந்து வீங்கிச் சீழ் வைப்பது. நாம் நகச்சுத்து என்பதைத் தமிழ் அகராதி உகிர்ச்சுற்று என்றும் தருகிறது. கன்னடத்தில் அது 'உகுருசுத்து', தெலுங்கில் 'கோருசுட்டு'. மூன்றும் ஒரே கூட்டுச்சொல். நம்மிடம் மட்டும் முதல் பாதி மாறிவிட்டது.

பட்ட காலிலே படும் என்று நாம் சொல்லுமிடத்தில் தெலுங்கர், 'கோருசுட்டுமீத ரோகலி போட்டு' என்பார்கள். ரோகலி நம் உலக்கை. சொல்லின் தொடக்கத்தில் இருந்த உயிரைத் தெலுங்கு தள்ளிவிட்டு, அடுத்த மெய்யை முன்னே கொண்டுவந்து நெடிலாக்கிக்கொள்ளும். உரல் அங்கே ரோலு, அவர் வாரு, இவர் வீரு. அதே வழியில்தான் உகிர் கோரு ஆயிற்று. அந்தப் பழமொழியின் உகிரும் உலக்கையும் ஒரே மாற்றத்துக்கு ஆளானவை. நாக்குக்குப் பழகாத அந்நியச் சொல் போல ஒலித்தாலும், பிரித்துப் பார்த்தால் உகிர்ச்சுற்றின்மேல் உலக்கை இடி.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. வெதுவெதுப்பான நீரைத் தெலுங்கில் 'கோருவெச்சனி' நீர் என்கிறார்கள், கன்னடத்தில் 'உகுருபெச்சகே'. விரல்நுனியை விட்டுப் பார்த்தால் பொறுக்கிற சூடு. வெந்நீர் பதமா என்று அண்டாவில் விரலை நனைத்துப் பார்க்கும் தாய்மார் எல்லா ஊரிலும் உண்டு. நாமும் கை பொறுக்கும் சூடு என்கிறோம். ஆந்திரத்தில் குழந்தைக்கு விரல்நுனியில் எடுத்து ஊட்டும் சின்னக் கவளத்துக்கு 'கோருமுத்த' என்று பெயர். 2020இல் அந்த அரசு பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு அந்தப் பெயரையே சூட்டியது. நரசிங்கத்தின் கையில் நாம் விட்டுவந்த உகிர், அங்கே பிள்ளைக்குச் சோறூட்டுகிறது.

தமிழிலும் அதை மீட்க முடியும் என்றே நம்புகிறேன், பேச்சில் இல்லாவிட்டாலும் மருத்துவத் தமிழில். அங்கே புதுச்சொல் ஆக்குவோர் 'நகப்படுக்கை', 'நகத்தட்டு' என்று எழுதும்போது உகிர்ச்சுற்றையும் எடுத்துக்கொள்ளலாம். அது ஆக்க வேண்டிய சொல் அல்ல, அகராதியில் தயாராக இருப்பது.

நகச்சுற்று வந்தால் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிக்கொள்வது நம் வீட்டு வழக்கம். மருத்துவர்கள் தொடக்கத்தில் சொல்வது, அந்தக் கோருவெச்சனி நீரில் நாளுக்கு மூன்று நான்கு முறை விரலை ஊறவைப்பது. சீழ் கட்டிவிட்டால் அதைக் கீறி வெளியேற்றித்தான் ஆக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.