எட்டாவது பெயர்

அடுத்த நாட்டுக்காரனுக்குத் தண்டனை என்றால் கேட்பதற்கு யாருக்கும் இனிக்கத்தான் செய்யும். எபிரேயத் தீர்க்கதரிசிகளின் புத்தகங்களில் பிற தேசங்கள் மீதான தீர்ப்புகள் பக்கம் பக்கமாக உண்டு. ஏசாயா, எரேமியா, எசேக்கியேல் எல்லாரிடமும் இருக்கு. எதிரியின் அழிவாகவே அவற்றைப் பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் கி.மு. 760 வாக்கில் பேசிய ஆமோஸை வரிசையாகப் படித்தால் விசயம் வேறு மாதிரி போகிறது.

ஆமோஸ் யூதா நாட்டுத் தெக்கோவா ஊர்க்காரர். மந்தை வைத்திருந்தவர், காட்டத்திக் காய்களைக் கீறிப் பழுக்கவைக்கும் வேலையும் பார்த்தவர். மந்தைக்குச் சொந்தக்காரராகவே இருந்திருக்கலாம் என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. ஆகவே அவரைக் கூலியாள் என்று அடித்துச் சொல்ல நான் வரவில்லை. இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட காலத்தில் வடக்கே இஸ்ரவேல் நாட்டுக்குப் போய், அரசனின் கோயில் இருந்த பெத்தேலில் பேசினார்.

முதலில் தமஸ்கு. கீலேயாத் மக்களை இரும்புக் கருவிகளால் போரடித்த குற்றம். அடுத்து காசா. ஒரு சனத்தையே பிடித்து ஏதோமுக்கு விற்ற குற்றம். பிறகு தீரு, ஏதோம். அம்மோன், கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறியது. மோவாப், ஏதோம் ராஜாவின் எலும்பைச் சுண்ணாம்பாக எரித்தது. இந்த மோவாபைக் கவனிக்க வேண்டும். இங்கே கொடுமைக்கு ஆளானவன் இஸ்ரவேலன் இல்லை, ஏதோமியன். அதற்கும் கணக்கு உண்டு. ஏழாவது யூதா. இவற்றில் சில பின்னால் சேர்க்கப்பட்டவை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்று நம் கையிலிருக்கிற வரிசையில் எட்டாவது பெயர் இஸ்ரவேல். கேட்டுக்கொண்டிருந்த சனங்களின் சொந்தப் பெயர்.

இஸ்ரவேல் செய்த குற்றம் எது? போரில் செய்தது ஒன்றும் சொல்லப்படவில்லை. ஏழையை ஒரு சோடி செருப்புக்கு விற்றது. தகப்பனும் மகனும் ஒரே பெண்ணிடம் போனது. அடகு வாங்கிய துணியைப் பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே விரித்துப் படுத்தது. வயிற்றைக் கீறியதும் அடகுத்துணியில் படுத்ததும் ஒரே பட்டியலில் வருகின்றன. அந்நியன் போரில் செய்தால் கொடுமை, சொந்த ஊரில் அன்றாடம் நடந்தால் வழக்கம் என்று பிரித்துப் பேசுவதை அந்தப் பட்டியல் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு முக்கியம் இந்த இடம்தான்.

துணி சின்ன விசயமா? யாத்திராகமச் சட்டம், அடகு வாங்கிய துணியைப் பொழுது சாயுமுன் திருப்பித் தரச் சொல்கிறது, ஏழைக்கு இரவில் போர்த்த வேறு இல்லை என்று. 1960இல் யாவ்னே பக்கத்துக் கடலோரக் கோட்டை ஒன்றில் எழுத்துள்ள பானை ஓடு கிடைத்தது. ஆமோஸுக்கு நூறாண்டுக்கும் மேல் பிந்தியது. யூதாவில் ஓர் அறுப்புக்காரன் அதிகாரியிடம் வைத்த முறையீடு. வேலையை முடித்துவிட்டேன், தானியத்தைச் சேர்த்துவிட்டேன், ஆனாலும் என் துணியைப் பறித்துக்கொண்டார்கள், கூட அறுத்தவர்கள் சாட்சி சொல்வார்கள் என்கிறான். பறித்தவன் பெயர் தகப்பன் பெயரோடு இருக்கிறது. அறுத்தவன் பெயர் இல்லை.

பெத்தேல் ஆசாரியன் அமத்சியா, இது அரசனின் கோயில், உன் ஊருக்கு ஓடிப்போ என்று ஆமோஸை விரட்டப் பார்த்தான். அசீரியர்கள் வந்தார்கள். கி.மு. 732இல் தமஸ்கு போச்சு. கி.மு. 722 வாக்கில் சமாரியா போச்சு. அங்கே 27,290 பேரைப் பிடித்துக் கொண்டுபோனதாக அரசன் சர்கோன் கல்வெட்டில் பெருமை பேசுகிறான். ஆமோஸ் சாடிய தந்தக் கட்டில்காரர்களின் நகரம் அது. 1930களில் அங்கே தோண்டியபோது செதுக்கிய தந்தத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன.

ஆனால் அந்த 27,290 பேரும் தந்தக் கட்டிலில் படுத்தவர்கள்தானா? அமத்சியாவைச் சபித்த ஆமோஸ், அவன் மனைவி நகரத்தில் வேசியாவாள் என்றார். விரட்டியது ஆசாரியன், சாபம் அவன் பெண்சாதி தலையிலும். தேசத்துக்குத் தீர்ப்பு என்று சொல்லும்போது, அந்தத் தேசம் யாரை மிதித்ததோ அவர்கள் மேலும் சேர்த்துத்தான் விழுகிறது. ஆமோஸின் பட்டியலை நான் ஏற்கிறேன். தண்டனையை யார் தலையில் இறக்குகிறார் என்று அவரையும் கேட்கத்தான் வேண்டியிருக்கு.