மனச்சோர்வும் எதிர்மறை எண்ணங்களும்

மனச்சோர்வு நோய் கண்டவர் தன்னைப் பற்றியும், தன்னைச் சூழ்ந்துள்ள உலகைப் பற்றியும், வருங்காலத்தைப் பற்றியும் இருண்ட முடிவுகளுக்கே வருகிறார். அவற்றை உண்மை என்றும் நம்புகிறார். இந்த எண்ணங்கள் நோயின் அறிகுறி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நோய் வருவதற்கும் நீடிப்பதற்கும் அவையே ஒரு காரணமாகின்றனவா என்பதுதான் 1960-களிலிருந்து உளவியல் ஆராய்ந்துவரும் கேள்வி.

இந்தக் கேள்வியை முன்னிறுத்தியவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021). பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், ஃபிராய்டின் வழிவந்த உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். பிறர்மேல் எழும் கோபம் தன்மேலேயே திரும்புவதுதான் மனச்சோர்வு என்ற ஃபிராய்டியக் கருத்தை மெய்ப்பிக்கவே நோயாளிகளின் கனவுகளைத் திரட்டினார். கனவுகளில் கோபத்தைக் காணவில்லை. இழப்பு, தோல்வி, புறக்கணிப்பு என்று நோயாளிகள் பகலில் சொல்லிக்கொண்டிருந்ததே இரவிலும் வந்தது.

அவருடைய சிகிச்சை அறையில் நடந்த ஒன்றும் திருப்பமாக அமைந்தது. சாய்விருக்கையில் படுத்தபடி தன் அந்தரங்க வாழ்க்கையைப் பேசிய ஒரு பெண் பதற்றமாக இருந்தார். வெட்கமோ குற்ற உணர்வோ காரணமாக இருக்கலாம் என்பதுதான் அன்றைய வழக்கமான விளக்கம். பெக் விசாரித்தபோது வேறொன்று வெளிப்பட்டது: ‘நான் பேசுவது டாக்டருக்குச் சலிப்பாக இருக்குமோ’ என்ற எண்ணம் அவருக்குள் நெடுகிலும் ஓடிக்கொண்டிருந்தது. கேட்கும்வரை அதைச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வரவழைக்காமல் வந்து, சரிபார்க்கப்படாமலே நம்பப்படும் இத்தகைய எண்ணங்களைப் பெக் தானியங்கி எண்ணங்கள் என்றார். 1961-இல் 21 கேள்விகள் கொண்ட மனச்சோர்வு அளவுகோலை வெளியிட்டார். 1963-இல் மனச்சோர்வில் காணப்படும் சிந்தனைப் பிழைகளைத் தனிக் கட்டுரையில் விவரித்தார்.

ஓர் அலுவலகக் காட்சியில் இந்தப் பிழைகளைக் காணலாம். மேலதிகாரி நிமிர்ந்து பார்க்காமலே கோப்பில் கையெழுத்திடுகிறார். ‘என்மேல் கோபமாக இருக்கிறார்’ என்று எழுத்தர் முடிவு கட்டுகிறார், ஆதாரம் எதுவுமில்லை. அதிலிருந்து ‘எந்த வேலையையும் நான் உருப்படியாகச் செய்ததில்லை’ என்று ஒரே நிகழ்வை வாழ்நாள் முழுவதற்கும் விரிக்கிறார். போன வாரம் அதே அதிகாரி பாராட்டியது கணக்கில் சேர்வதில்லை. மாலைக்குள் எண்ணம் ‘இனியும் இப்படித்தான்’ என்று வருங்காலத்தையும் மூடிவிடுகிறது. இளமை அனுபவங்களில் வேர்கொண்ட ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ போன்ற அடிப்படை நம்பிக்கைகள் இவற்றுக்கு அடியில் உறங்கிக் கிடக்கின்றன, ஓர் இழப்போ அவமானமோ அவற்றை எழுப்பிவிடுகிறது என்பது பெக்கின் விளக்கம்.

வேறொரு பாதையில் வந்தவர் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன். 1960-களின் பிற்பகுதியில் அவரும் ஸ்டீவன் மேயரும் நடத்திய சோதனைகளில், தடுக்கவே முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள் பல, பிறகு தாழ்வான தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலையிலும் முயலாமல் கிடந்தன. என்ன செய்தும் பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டன என்பது அவர்களின் விளக்கம். மனிதர் விஷயத்தில் இந்தக் கோட்பாடு போதவில்லை. எனவே 1978-இல் லின் ஆப்ரம்சன், செலிக்மன், ஜான் டீஸ்டேல் மூவரும் கோட்பாட்டைத் திருத்தினர்: தோல்விக்குத் தன்னையே காரணமாக்கி, அது என்றும் மாறாதது, எல்லாவற்றிலும் தொடர்வது என்று விளக்கிக்கொள்பவரே எளிதில் சோர்வில் விழுகிறார். 2016-இல் மேயரும் செலிக்மனும் பழைய சோதனைக்கான விளக்கத்தையே தலைகீழாக்கினர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நீண்ட துன்பத்தின்முன் முடங்குவது உயிரியின் இயல்பு, நிலைமை தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதே கற்றுக்கொள்ளப்படுவது என்றனர். ஐம்பதாண்டுப் புகழ்பெற்ற முடிவை அதன் ஆசிரியர்களே திருத்துவது அறிவியலில் அரிது.

எண்ணத்தின் உள்ளடக்கம் போலவே அது சுழலும் விதமும் முக்கியம் என்று காட்டியவர் உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சோர்வு வரும்போது என்ன செய்கிறார்கள் என்று அவர் பதிவு செய்திருந்தார். சில நாள்களில், 1989 அக்டோபர் 17 அன்று, லோமா பிரியேட்டா நிலநடுக்கம் அப்பகுதியை உலுக்கியது. திட்டமிட்டு அமைக்க முடியாத சோதனை தானாகவே அமைந்துவிட்டது. கவலையை அசைபோடும் வழக்கமுள்ளவர்களே பின்னர் அதிகச் சோர்வைக் காட்டினர். முன்பே இருந்த சோர்வைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்த வேறுபாடு நின்றது. ‘ஏன் எனக்கு மட்டும் இப்படி’ என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருப்பவருக்குப் பழைய துயரங்களே அடுத்தடுத்து நினைவுக்கு வருகின்றன. சிக்கலைத் தீர்க்கும் திறன் தளர்கிறது, கேட்டுக் கேட்டு நண்பர்களும் விலகுகிறார்கள். விலகலே அடுத்த சுற்றுக்குத் தீனியாகிறது.

இக்கோட்பாடுகளுக்கு எதிர்ப்பும் உண்டு. உளவியலாளர் பீட்டர் லூயின்சன் குழுவினர் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், பின்னாளில் மனச்சோர்வு கண்டவர்களின் எண்ணங்கள் அதற்கு முன்பு மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடவில்லை. எண்ணங்கள் நோயோடு வந்து நோயோடு போகின்றன என்பது இதன் பொருள். உறங்கும் நம்பிக்கைகளை நல்ல நாளில் எப்படி அளக்க முடியும் என்பது பெக் தரப்பின் பதில். பின்னர் டெம்பிள், விஸ்கான்சின் பல்கலைக்கழகங்கள் இணைந்து, அப்போது மனச்சோர்வு இல்லாத மாணவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. எதிர்மறைச் சிந்தனைப் பாங்குடையவர்களுக்கே நோய் கணிசமாக அதிகம் வந்தது. ஆகவே எண்ணத்துக்குப் பங்கு உண்டு என்பது வலுவாகவே நிற்கிறது. ஆனால் அது முழுக் காரணம் ஆகாது. ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் செய்து 1978-இல் வெளியிட்ட ஆய்வு, இழப்புகளும் வறுமையும் மனம்விட்டுப் பேச ஆளில்லாமையும் எவ்வளவு கனமானவை என்று காட்டியது. மரபுவழி, பேறுகாலம், தைராய்டு கோளாறு எல்லாம் வேறு. நோயாளியிடம் ‘பாசிட்டிவாக யோசி’ என்று சொல்வது இவை அத்தனையையும் மறந்த பேச்சு. தன்னைத்தானே குறைசொல்லிக்கொள்ள அவருக்கு இன்னொரு காரணத்தையும் கொடுக்கிறது.

பெக் வகுத்த சிகிச்சையும் அப்படிச் சொல்வதில்லை. தாளில் கட்டம் போட்டு, நடந்தது என்ன, மனதில் ஓடியது என்ன, அதற்கு ஆதரவாக என்ன சான்று, எதிராக என்ன என்று நோயாளியே எழுதிப் பார்க்கிறார். 1977-இல் இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வில் இந்த முறை நல்ல பலன் தந்தது. மருந்தை நிறுத்தியவர்களோடு ஒப்பிட்டால், இச்சிகிச்சை முடித்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்று பிந்தைய ஆய்வுகளும் கண்டன. ஆனால் 1996-இல் நீல் ஜேக்கப்சன் குழு இச்சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தபோது, எண்ணங்களைத் தொடாமல் அன்றாடச் செயல்களை மட்டும் மீட்டெடுத்தவர்களும் அதே அளவு தேறியிருந்தனர். எண்ணம் மாறினால்தான் மனநிலை மாறும் என்ற வரிசை அதோடு ஆட்டம் கண்டது. இந்தச் செயல்வழி முறையையே கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுசென்றனர். மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்கள் பயிற்சி பெற்று, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் சிகிச்சை அளித்தனர். 2017-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் அவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் நோயிலிருந்து மீண்டிருந்தனர். சற்று மேம்படுத்தப்பட்ட வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினரே மீண்டிருந்தனர்.