நியமன உறுப்பினர் ஒருவரின் நான்காண்டுகள்
சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1926–1930

சட்டசபை உறுப்பினர் ஒருவரின் அரசியல் வாழ்வை மதிப்பிட முற்படுவோர், அவர் எத்தனை தேர்தல்களில் வென்றார், எக்கட்சியை வழிநடத்தினார், எவ்வமைச்சுப் பதவியை வகித்தார் என்னும் வினாக்களையே பெரும்பாலும் முதலில் எழுப்புவர். இவ்வளவுகோல்களைக் கொண்டு நோக்கின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சட்டசபை வாழ்வு மிகச் சிறியதொன்றாகவே தோன்றும். அவர் எத்தேர்தலிலும் வென்று சபைக்குட் சென்றவரல்லர், எக்கட்சிக்கும் தலைமை தாங்கியவரல்லர், அமைச்சராக இருந்தவருமல்லர். ஏறத்தாழ நான்காண்டுகள் மட்டுமே சென்னை மாகாணச் சட்டசபையில் நியமன உறுப்பினராக வீற்றிருந்தார். எனினும், தென்னிந்தியச் சமூகச் சட்டங்களின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் அந்நான்காண்டுகளைக் கடந்து செல்லுதல் இயலாது. கட்சிப் பின்பலமற்ற ஒரு தனி உறுப்பினர் எவ்வழிகளால் எவ்வளவைச் சாதிக்க முடிந்தது என்பதையும், அவர் யார் பொருட்டுப் பேசினாரோ அவர்கள் அவரது பேச்சை எவ்வாறு ஏற்றனர் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்காலச் சட்டசபையின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். 1919 ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சி முறையைப் புகுத்தியது. கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளூராட்சி முதலிய துறைகள் சபைக்குப் பொறுப்புடைய அமைச்சர்களிடமும், நிதி, காவல், நிலவருவாய் முதலியவை ஆளுநரின் நிருவாகக் குழுவிடமும் இருந்தன. சென்னைச் சட்டசபையில் 98 உறுப்பினர் தேர்தலின் மூலம் வந்தனர். ஏனையோர் அரசாங்க அலுவலரும் நியமனம் பெற்றோருமாவர். சொத்துத் தகுதியை அடிப்படையாகக் கொண்ட வாக்குரிமையே நிலவியமையால் மக்களுள் மிகச் சிலரே வாக்களித்தனர். பெண்களை வாக்காளர் பட்டியலினின்றும் விலக்கிய விதியைச் சென்னைச் சபை 1921 இல் நீக்கியது. ஆயினும், பெண்கள் உறுப்பினராதற்கு இருந்த தடை அகல மேலும் ஐந்தாண்டுகள் சென்றன. 1926 ஆம் ஆண்டுத் தேர்தலில் மங்களூர்ப் பகுதியிற் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்தியாய சிறு தொகை வாக்குகளாலே தோல்வியுற்றார். ஆகவே, பெண்ணொருவர் அச்சபையிற் புகுதற்கு அவ்வேளையில் எஞ்சிய வழி நியமனமேயாயிற்று.

அந்நியமனத்தைப் பெற்றவர் அரசியல் மேடையிலிருந்து வந்தவரல்லர். 1886 ஆம் ஆண்டு யூலை மாதம் 30 ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி, ஆண்களுக்கென இருந்த மகாராசாக் கல்லூரியிற் கற்று, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912 இற் பட்டம் பெற்றார். தந்தையார் நாராயணசாமி கல்வித்துறை சார்ந்த பிராமணர். தாயார் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்திற் பிறந்தவர். அக்குலத்திற் பிறந்த பெண்ணின் வாழ்வு எவ்வாறு நிருணயிக்கப்படுகிறதென்பதை அவர் நூல்களிலிருந்து கற்கவேண்டிய தேவையிருக்கவில்லை. 1914 இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்து சென்னையில் மருத்துவத் தொழில் நடத்திய அவர், 1925 இல் மேற்படிப்பின் பொருட்டு இலண்டன் சென்றார். அடையாற்றில் 1917 இல் நிறுவப்பெற்ற இந்திய மாதர் சங்கம் அவரது பெயரை அரசாங்கத்துக்கு முன்மொழிந்தபோது, தொழிலைப் பாதிக்குமென அவர் தயங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது. நியமனம் பெற்றுச் சபைக்குட் சென்ற அவரை உறுப்பினர் ஏகமனதாக உபதலைவராகத் தெரிந்தனர். இந்தியச் சட்டசபையொன்றில் அப்பதவியை வகித்த முதற் பெண்மணி அவரே.

சபையின் அன்றைய நிலையும் அவருக்கு ஓரளவு வாய்ப்பாக அமைந்தது. 1926 ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி பெரும்பான்மையை இழந்தது. மிகுந்த இடங்களைப் பெற்ற சுயராச்சியக் கட்சியோ பதவியேற்க மறுத்தது. இதன் விளைவாகக் கட்சி சாராத டாக்டர் சுப்பராயன் அமைச்சரவை அமைத்தார். எக்கட்சியும் தனித்து வலிமை பெறாத இத்தகைய சபையில், கட்சிப் பூசலுக்கு அப்பாற்பட்டவராய்க் கருதப்பட்ட ஒருவர் விடயந்தோறும் வெவ்வேறு அணியினரின் ஆதரவைத் திரட்ட முடிந்தது. பள்ளி மாணவருக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்கல்விக்குச் சலுகைகள், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ வசதி ஆகியவற்றை அவர் இடைவிடாது வற்புறுத்தினார். திருமண வயதை உயர்த்தவேண்டுமெனும் தீர்மானத்தை 1928 இல் முன்வைத்தார். சாரதா சட்டம் என வழங்கும் குழந்தைமணத் தடுப்புச் சட்டம் 1929 இல் மத்திய சபையில் நிறைவேறுதற்கு வேண்டிய பொதுசன அபிப்பிராயத்தை உருவாக்கிய முயற்சிகளுள் இதுவும் ஒன்றாகும்.

ஆயினும், அவரது பெயரை நிலைநிறுத்தியது தேவதாசி முறை பற்றிய சட்ட முயற்சியே. சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்த குரல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுந்துவிட்டது. இந்தியத் தண்டனைக் கோவையின் 372 ஆம், 373 ஆம் பிரிவுகள் வயது வராத பெண்களை விபசாரத்தின் பொருட்டுக் கைமாற்றுதலைக் குற்றமாக்கியிருந்தன. எனினும், கோயிலில் நிகழும் சடங்கொன்றை அந்நோக்கத்தோடு செய்யப்பட்டதென நீதிமன்றத்தில் நிரூபித்தல் அரிதாகவே இருந்தது. இதனினும் வலிய காரணம் ஒன்று உண்டு. அஃது பொருளாதாரம் சார்ந்தது. தேவதாசிக் குடும்பங்கள் பல, கோயிலூழியத்துக்கெனக் கொடுக்கப்பட்ட மானிய நிலங்களை அனுபவித்து வந்தன. ஊழியம் நின்றால் நிலமும் போகும். ஊழியம் தொடரவேண்டுமாயின் அடுத்த தலைமுறையிலும் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டியாகவேண்டும். ஆகவே, மரபின் மீதுள்ள பற்றினால் மட்டுமன்றி, வயிற்றுப்பாட்டின் பொருட்டும் இவ்வழக்கம் நீடித்தது.

முத்துலட்சுமி கையாண்ட படிமுறை இவ்விடத்தில் நுணுகி நோக்கற்பாலது. முதலாவதாக, 1927 ஆம் ஆண்டு நவம்பரில் அவர் ஒரு தீர்மானத்தையே கொண்டுவந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டமியற்றுமாறு அரசாங்கத்தை அது வேண்டிற்று. தீர்மானம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும் வலிமை உடையதன்று. ஆயினும் சபையின் மனநிலையை அது வெளிப்படுத்தியது. அடுத்ததாக, புதிய சட்டமொன்றை நேரே நாடாது, அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்த இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். 1929 இன் 5 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறிய அத்திருத்தம் தேவதாசியரின் மானிய நிலங்களை ஊழியக் கடப்பாட்டினின்றும் விடுவித்தது. நிருணயிக்கப்பட்ட ஒரு வரியைச் செலுத்தி, நிலத்தை அவர்களே தொடர்ந்து வைத்திருக்கலாம்; அதன் பொருட்டு மகளொருத்தியைக் கோயிலுக்கு விடவேண்டியதில்லை. வழக்கத்தைத் தடைசெய்யாமலே, அதனைத் தாங்கி நின்ற பொருளாதாரத் தூணை இச்சட்டம் அகற்றியது. அவர் இயற்றுவித்தவற்றுள் மிக நுட்பமானது இதுவே எனலாம்.

எதிர்ப்பு இரு திசைகளிலிருந்து வந்தது. சுயராச்சியக் கட்சியைச் சேர்ந்த சத்தியமூர்த்தி முதலியோர் சமய வழக்கத்தையும் கோயிற் கலைகளையும் காரணங்காட்டி எதிர்த்தனர். இவ்வெதிர்ப்பே பெரிதும் பேசப்படுவது. மற்றையது அதனினும் சிந்திக்கத்தக்கது. அது தேவதாசியரிடமிருந்தே வந்தது. சென்னை நகரத் தேவதாசியர் 1927 இல் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து அரசாங்கத்துக்கு மனுக்களை அனுப்பினர். இசைப் பேரறிஞரான பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் முன்னணியில் நின்றார். தம்மை விபசாரிகளோடு ஒருசேர வைத்தெண்ணுதல் தகாது என்றும், தம் குலத்தில் மகளிர்க்குள்ள சொத்துரிமையும் தத்தெடுக்கும் உரிமையும் பிற இந்துப் பெண்களுக்கு இல்லாதவை என்றும், தமக்கு வேண்டியது கல்வியேயன்றித் தடைச்சட்டம் அன்று என்றும் அவர்கள் வாதிட்டனர். பெண்ணுக்குப் பரம்பரைச் சொத்தில் மிகக் குறுகிய உரிமையே இருந்த காலத்தில் இவ்வாதத்தை வெறும் சுயநலமெனத் தள்ளிவிடல் பொருந்தாது. மறுபுறத்தில், பொட்டுக்கட்டப்படும் ஏழெட்டு வயதுச் சிறுமி எம்மனுவிலும் கையொப்பமிட்டவளல்லள் என்பதையும் மறத்தலாகாது. முத்துலட்சுமி தம்மை அச்சிறுமியின் பிரதிநிதியாகவே கருதினார். தாயின் குலத்தை நன்கறிந்த அவர், அக்குலத்து மூத்த பெண்களின் வாதத்துக்கு அளித்த மதிப்புக் குறைவே எனினும், பேசவியலாதவர் பொருட்டுப் பேசினார் என்பது மறுக்கவொண்ணாதது.

மூன்றாவது படியாகவே நேரடித் தடைச்சட்டம் வந்தது. பொட்டுக்கட்டுதலைத் தடுத்து, தேவதாசியரின் திருமணம் செல்லுபடியாகும் எனப் பிரகடனஞ் செய்யும் சட்டமூலத்தை 1930 இன் தொடக்கத்தில் அவர் சபையின் முன் வைத்தார். அது பொதுசன அபிப்பிராயம் அறிதற்பொருட்டுச் சுற்றுக்கு விடப்பட்டது. அதற்குள் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டது. 1930 மே மாதம் காந்தியடிகள் கைதுசெய்யப்பட்டதையடுத்து முத்துலட்சுமி தம் பதவியைத் துறந்தார். தனி உறுப்பினரின் சட்டமூலம் அவ்வுறுப்பினரோடு சபையை விட்டு அகன்றது.

இவ்விராசினாமா அவரது அரசியல் வாழ்வின் மிகக் கடினமான தெரிவாகும். அன்னிய அரசாங்கம் அளித்த ஆசனத்தில் இருந்துகொண்டு, அதே அரசாங்கம் தேசத் தலைவரைச் சிறையிடுவதைப் பார்த்திருத்தல் அவருக்கு ஒவ்வவில்லை. ஆனால், அத்துறவுக்குச் செலுத்தப்பட்ட விலையையும் வரலாறு கணக்கிட்டாக வேண்டும். கட்சியின் பின்பலத்தோடு வந்த சட்டமூலமாயின், உறுப்பினர் ஒருவர் விலகினும் மற்றொருவர் அதனை ஏந்தியிருப்பர். நியமன ஆசனத்தின் பலமும் பலவீனமும் ஒன்றே: அது எவருக்கும் கடன்பட்டதன்று, ஆதலால் அதன் பின்னே நிற்பாரும் இல்லை. அண்மையிலிருந்த திருவிதாங்கூர் அரசு 1930 இலும், பம்பாய் மாகாணம் 1934 இலும் நடவடிக்கை எடுத்தபின்னரும் சென்னை காத்திருந்தது. 1937 இல் பதவியேற்ற காங்கிரசு அமைச்சரவையும் இதனை நிறைவேற்றவில்லை. சபைக்கு வெளியே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் ஊர்தோறும் பிரசாரஞ் செய்தனர். இறுதியில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராய் இருந்த காலத்தில், 1947 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டமாக அது நிறைவேறியது. 1930 இல் ஏழு வயதினளாயிருந்த சிறுமி அப்போது இருபத்துநான்கு வயதுப் பெண்ணாகியிருப்பாள்.

சட்டத்தால் வந்த நன்மை அனைவருக்கும் ஒரே அளவினதாய் அமையவுமில்லை. 1929 ஆம் ஆண்டுத் திருத்தம் மானிய நிலமுடையோர்க்குப் பயன்பட்டது. நிலமற்றோர்க்கு மாற்றுத் தொழிலெதனையும் அது அளிக்கவில்லை. 1932 இற் சதிராட்டம் குறித்து முத்துலட்சுமிக்கும் ஈ. கிருஷ்ண ஐயருக்கும் இடையே சென்னைப் பத்திரிகைகளில் எழுத்துப்போர் நிகழ்ந்தது. முன்னவர் ஆட்டத்தை எதிர்த்தார். பின்னவர் அக்கலையைப் பேணவேண்டுமென்றார். நிகழ்ந்ததோ இருவரின் வாதத்தையும் ஒருவகையில் நிறைவு செய்தது: கலை பரதநாட்டியம் என்னும் பெயரில் மேன்மையுற்றது, அதனைத் தலைமுறை தலைமுறையாய்க் காத்த குலத்துப் பெண்கள் பெரும்பாலும் அரங்கிலிருந்து அகன்றனர். இப்பழியை ஒருவர்மீது மட்டும் சுமத்தல் நேர்மையாகாது. ஆயினும், ஒழிக்கும் சட்டத்தோடு வாழ்விக்கும் ஏற்பாடும் ஒருங்கே அமையவேண்டும் என்னும் பாடத்தை இதிலிருந்து பெறலாம்.

அப்பாடத்தை முத்துலட்சுமியும் உணராதவரல்லர். பதவி துறந்த அக்காலப்பகுதியில், தேவதாசிக் குலச் சிறுமியர் சிலருக்கு மாணவியர் விடுதிகள் இடமளிக்க மறுத்தபோது, அவர் தம் இல்லத்திலேயே இடங்கொடுத்தார். அதுவே ஔவை இல்லம் என்னும் நிறுவனமாக வளர்ந்தது. உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் 1954 இல் அடையாற்றில் இயங்கத் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்தாயிற்று. 1968 ஆம் ஆண்டு யூலை மாதம் 22 ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் பதவி துறந்த மறு ஆண்டில், 1931 இல், இலங்கையில் டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ்ச் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் அடலின் மொலமூரேயும், 1932 இல் நேசம் சரவணமுத்துவும் மக்களின் வாக்குகளைப் பெற்று அரசாங்க சபைக்குட் சென்றனர். சென்னையில் நியமனத்தால் மட்டுமே திறந்த கதவு இங்குத் தேர்தலால் திறந்தது. இவ்வேறுபாடு சிறிதன்று. வாக்காளருக்குப் பதில் கூறவேண்டிய உறுப்பினரை அவர்கள் வினாவலாம், மாற்றலாம். நாகரத்தினம்மாளும் அவர்தம் தோழியரும் முத்துலட்சுமியை நோக்கி மனுவொன்றையே எழுத முடிந்தது. அதே வேளையில், வாக்கற்ற சிறுமியின் பொருட்டு வாக்குகளை நாடாத ஒருவரே துணிந்து பேச முடிந்தது என்பதும் உண்மையே. சட்டசபையொன்றில் யார் பேசுகின்றார் என்பதோடு, யார் பேசவியலாதிருக்கின்றார் என்பதையும் கேட்டல் வரலாற்று மாணவரின் கடமையாகும். முத்துலட்சுமி ரெட்டியின் நான்காண்டுகள் இவ்விரு வினாக்களையும் நம்முன் ஒருங்கே வைக்கின்றன.