பத்தாயிரம் பவுண்டு விலை, எட்டுப் பவுண்டு சம்பளம்: டேவிட் ஜாக்கின் ஆட்ட வாழ்வு

1928 அக்டோபரில் போல்டன் வாண்டரர்ஸ் கால்பந்துக் கழகத்துக்கு 10,890 பவுண்டு கொடுத்து டேவிட் ஜாக்கை வாங்கியது லண்டனின் ஆர்சனல். அதற்கு முன் ஓர் ஆட்டக்காரருக்குக் கொடுக்கப்பட்ட உச்ச விலை, 1925இல் பர்ன்லியிலிருந்து சண்டர்லாந்துக்குப் போன பாப் கெல்லிக்கான சுமார் 6,500 பவுண்டு. உலகில் எந்த ஆட்டக்காரரும் இவ்வளவு விலைக்குத் தகுதியானவரல்லர் என்று கடிந்தார் கால்பந்துச் சங்கத் தலைவர் சர் சார்ல்ஸ் கிளெக். ஆனால் அந்தப் பத்தாயிரத்தில் ஜாக்கின் கைக்கு எவ்வளவு வந்தது என்பது அன்றைய சர்ச்சையில் அதிகம் அடிபடவில்லை.

ஜாக் 1898இல் போல்டனில் பிறந்தவர். தந்தை பாப் ஜாக்கும் கால்பந்துக்காரர்தான். பிளிமத் ஆர்கைல் கழகத்தின் மேலாளராக இருந்தார். முதல் உலகப் போர் முடிந்ததும் மகன் அங்கே ஆடத் தொடங்கினார். 1920இல் போல்டன் 3,500 பவுண்டு கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது.

1923 ஏப்ரல் 28 அன்று புதிதாகக் கட்டிய வெம்பிளி அரங்கின் முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி நடந்தது. நுழைவுக் கணக்கு 126,047 என்றாலும் சுவரேறிக் குதித்தவர்களைச் சேர்த்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும் என்று மதிப்பிடுகிறார்கள். மைதானத்துக்குள் வழிந்த கூட்டத்தைக் குதிரைப் போலீஸார் ஒதுக்கிய பிறகே ஆட்டம் தொடங்கியது. இரண்டாம் நிமிடத்தில் கோல் அடித்தார் ஜாக். எதிரணியான வெஸ்ட் ஹாமின் டிரெசடெர்ன் கோட்டுக்கு வெளியே கூட்டத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே வர முடியாமல் தவித்த நேரம் அது. வெம்பிளியின் முதல் கோல் அதுதான். 1926 இறுதிப் போட்டியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக விழுந்த ஒரே கோலும் அவருடையதே.

ஆர்சனல் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மனுக்கு, 1928இல் ஓய்வு பெற்ற சார்ல்ஸ் புக்கனின் இடத்தை நிரப்ப ஓர் ஆள் வேண்டியிருந்தது. புக்கனை அவர் வாங்கிய முறையே வேடிக்கையானது: கையில் 2,000 பவுண்டு, முதல் பருவத்தில் அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் 100. புக்கன் 21 கோல் அடித்துத் தொகையை 4,100 ஆக்கினார். ஜாக்குக்கான பேரத்தைப் பற்றி ஆர்சனலின் பாப் வால் ஒரு கதை சொல்லியிருக்கிறார். விடுதிப் பரிமாறுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, சாப்மன் ஜின் கலக்காத டானிக் குடித்தாராம். போல்டன்காரர்களுக்கு மட்டும் அளவுக்கு மீறி ஊற்றப்பட்டதாம். வாங்கியவர் தரப்புக் கதை என்பதால் சற்றுத் தள்ளுபடி செய்தே ஏற்க வேண்டும்.

இனி கூலிக் கணக்கு. 1922 முதல் லீக் ஆட்டக்காரரின் உச்ச சம்பளம் ஆட்டப் பருவத்தில் வாரம் 8 பவுண்டு, கோடையில் 6. வென்றால் 2 பவுண்டு, சமன் செய்தால் 1 கூடுதல். கழகம் மாறிச் சேரும்போது 10 பவுண்டு. மாற்றுத் தொகை முழுக்கக் கழகங்களுக்கு இடையிலான கணக்கு. பருவ முடிவில் ‘தக்கவைக்கப்பட்டவர்’ பட்டியலில் பெயர் இருந்தால், ஒப்பந்தம் முடிந்திருந்தாலும் வேறு லீக் கழகத்துக்கு ஆட முடியாது. 1912இல் கிங்கபி என்ற ஆட்டக்காரர் ஆஸ்டன் வில்லா மீது தொடுத்த வழக்கு தோற்றதால் இந்த ஏற்பாடு மேலும் இறுகியது.

விலை இப்படி ஏறியதற்குக் காரணமும் இந்தச் சம்பள வரம்பே எனலாம். நல்ல ஆட்டக்காரரைக் கூடுதல் சம்பளம் காட்டி அழைக்க வழியில்லை. ஆகவே பணம் முழுவதும் மாற்றுத் தொகைக்குள் பாய்ந்தது. அந்தத் தொகைக்கும் 1908இல் 350 பவுண்டு என்று ஒருமுறை வரம்பு கட்டிப் பார்த்தார்கள்; கழகங்கள் குறுக்குவழி தேட, சில மாதங்களிலேயே அது கைவிடப்பட்டது. கழகங்களைக் கட்டிய வரம்பு சில மாதம் நின்றது. 1901இல் ஆட்டக்காரர்களைக் கட்டிய சம்பள வரம்போ அறுபது ஆண்டு நின்றது.

ஆர்சனல் கொடுத்த காசு வீண்போகவில்லை. 181 லீக் ஆட்டங்களில் ஜாக் 113 கோல் அடித்தார். 1930இல் கோப்பையை வென்று, வெம்பிளியில் இரு கழகங்களுக்காகக் கோப்பை வென்ற முதல் ஆட்டக்காரரானார். 1931இல் ஆர்சனல் முதன்முறையாக லீக் பட்டம் பெற்றபோது அவர் பங்கு 31 கோல். 1933, 1934 பட்டங்களிலும் அவர் அணியில் இருந்தார். இங்கிலாந்துக்கு ஆடியது 9 ஆட்டம்தான்.

1934இல் ஓய்வு பெற்றுச் சவுத்தெண்ட் யுனைடெட், பிறகு மிடில்ஸ்பரோ கழகங்களின் மேலாளரானார். 1958இல் ஜாக் இறந்தபோது உச்ச சம்பளம் 20 பவுண்டாக உயர்ந்திருந்தது. அந்த வரம்பு நீங்கியது 1961 ஜனவரியில். தக்கவைப்பு முறையை நீதிமன்றம் முறையற்றது என்றது 1963இல்.