சாக்கு எண்ணுவதும் அன்னதானம்தான்



நம்ம ஆலயத்துல அன்னதானம் நடக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் எங்ககிட்ட இப்படிக் கேட்பாங்க: "சாமி காரியம்தானே, எதுக்கு இத்தனை ரசீது? அரிசி மூட்டையை எண்ணி எழுதிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற நேரத்துல நாலு பேருக்குப் பரிமாறலாமே?"

நல்ல மனசோடதான் கேட்கிறாங்க. நாங்களும் பல தடவை சிரிச்சுக்கிட்டே நகர்ந்துட்டோம். இந்தத் தடவை வரலாற்றில் நடந்த ஒன்றைச் சொல்லிப் பதில் தரலாம் என்று தோன்றியது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. சில மாதங்களில் அந்தச் சின்ன நாட்டின் பெரும் பகுதி அவர்கள் கையில். பெல்ஜியத்தில் அப்போது எழுபது லட்சத்துக்கும் மேல் ஜனங்கள். தொழிற்சாலைகள் நிறைந்த நாடு. சாப்பிடுகிற கோதுமையில் பெரும் பங்கு வெளியிலிருந்து கப்பலில் வரணும். ஆனால் கடல் வழியைப் பிரிட்டிஷ் கடற்படை அடைத்துவிட்டது.

"ஊரைப் பிடித்தவன்தான் சோறு போடணும்" என்பது பிரிட்டன் தரப்பு. "கடலை அடைத்தது நீங்கள்தானே, பசிக்கும் நீங்கள்தான் பொறுப்பு" என்பது ஜெர்மனி தரப்பு. ரெண்டு யானை சண்டை போட்டா நடுவுல நசுங்குறது புல்லுதான், இல்லீங்களா?

அந்த நேரத்தில் லண்டனில் ஹெர்பர்ட் ஹூவர் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் இருந்தார். வயது 40. சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவர். ஆஸ்திரேலியா, சீனா என்று பல நாட்டுச் சுரங்கங்களை நிர்வாகம் செய்த அனுபவம். 1914 அக்டோபரில் அவர் தலைமையில் 'பெல்ஜிய நிவாரண ஆணையம்' தொடங்கியது. அவர் சம்பளம் வாங்கவில்லை. வெளியே பணம் திரட்டுவது, கோதுமை வாங்குவது, கப்பல் பிடிப்பது ஆணையத்தின் வேலை. உள்ளே ஊர் ஊராகப் பங்கிடுவது பெல்ஜியர்களே அமைத்த தேசியக் குழுவின் வேலை. வங்கி நிர்வாகத்தில் தேர்ந்த எமில் பிராங்கி அதை நடத்தினார்.

இதில் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. பசியில் ஜனங்கள் வாடுகிற நேரம். அப்படியிருந்தும் தொடக்கத்திலிருந்தே இரட்டைப் பதிவுக் கணக்கு, வெளித் தணிக்கை என்று ஏற்பாடு செய்துவிட்டார் ஹூவர். வில்லியம் பிளெண்டர் தலைமையில் இருந்த டெலாய்ட் நிறுவனம் கணக்காய்வு செய்தது. என்றைக்காவது ஒருநாள் யாராவது எழுந்து "இதில் லாபம் அடித்தார்கள், திருடினார்கள்" என்று சொல்வார்கள், அன்றைக்குப் புத்தகம்தான் பேசணும் என்பது அவர் எண்ணம்.

வெறும் நல்ல பெயருக்காக மட்டும் அல்ல. கணக்கு இல்லையென்றால் கப்பலே நகர்ந்திருக்காது. போகிற கோதுமை ஜெர்மன் சிப்பாய் வயிற்றுக்குப் போகிறதோ என்று பிரிட்டனுக்குச் சந்தேகம். உதவி என்ற பெயரில் உளவு பார்க்கிறார்களோ என்று ஜெர்மனிக்குச் சந்தேகம். இறக்குமதி தானியத்தைப் படை தொடாது என்று ஜெர்மனி எழுத்து மூலம் உறுதி தந்தது. அது காப்பாற்றப்படுகிறது என்று திரும்பத் திரும்பக் காட்டினால்தான் அடுத்த கப்பலுக்கு அனுமதி. அதனால் ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு, கால்வாய்ப் படகில் ஏறி, கிடங்குக்குப் போய், மாவாகி, ரொட்டிக்காரர் கைக்கு வரும் வரைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் எழுதி வைத்தார்கள். இளைஞர்கள் பலர், ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர்கள் உட்பட, ஊர் ஊராகப் போய்ச் சரிபார்த்தார்கள்.

காலிச் சாக்குக்குக் கூடக் கணக்கு! மாவு வந்தது பருத்திச் சாக்கில். பருத்தி வெடிமருந்து செய்யப் பயன்படும். காலிச் சாக்கு எதிரி கைக்குப் போகக் கூடாது. மட்டமான மாவை அதே சாக்கில் அடைத்து விற்கவும் கூடாது. அதனால் மாவு தீர்ந்த சாக்குகள் திரும்பக் கணக்கில் வரணும். அவற்றில் பலவற்றைத் தையல் பள்ளிகளுக்கும் கன்னியர் மடங்களுக்கும் கொடுத்தார்கள். பெல்ஜியப் பெண்கள் அதில் பூவேலை செய்து, நன்றி வார்த்தை தைத்தார்கள். அதை விற்ற பணமும் நிவாரணத்துக்கே. அப்படிப்பட்ட சாக்குகள் இன்றும் அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்து ஹூவர் நினைவு நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

பணக் கணக்கிலும் ஒரு நல்ல யோசனை. உணவைப் பொதுவாக இலவசமாகக் கொட்டவில்லை. காசு கொடுக்க முடிந்தவர்கள் ரேஷன் அட்டையைக் காட்டி ரொட்டி வாங்கினார்கள். அதில் ஒரு சின்ன லாபம். அந்த லாபமும் நன்கொடையும் சேர்ந்து, முடியாதவர்களுக்குச் சோறு. ரெண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. கொடுக்க முடிந்தவரின் மானமும் காப்பாற்றப்பட்டது, இல்லாதவர் வயிறும் நிறைந்தது.

இன்னொரு சிக்கல். உள்ளே ஜனங்கள் கொடுப்பது பெல்ஜிய பிராங்க். போர் நேரத்தில் அதை வெளியே கொண்டுபோக முடியாது. வெளியே கோதுமை வாங்கப் பவுனும் டாலரும் வேணும். அதே சமயம் பிரான்சில் அடைக்கலம் புகுந்திருந்த பெல்ஜிய அரசாங்கம், நாட்டுக்குள் மாட்டிக்கொண்ட தன் ஊழியர்களுக்குச் சம்பளம் அனுப்ப வழி தெரியாமல் நின்றது. ரெண்டையும் முடிச்சுப் போட்டார்கள். உள்ளே ரொட்டி விற்ற பணத்திலிருந்து ஊழியர்களுக்குச் சம்பளம். அதற்கு ஈடான பணத்தை அரசாங்கம் லண்டனில் ஆணையத்தின் கணக்கில் கட்டும். ஒரு காசு கூட எல்லை தாண்டவில்லை, ஆனா ரெண்டு பக்கமும் கணக்கு நேராச்சு. மலாயாவில் செட்டியார்கள் நடத்திய உண்டியல் முறை தெரிந்த பெரியவர்களுக்கு இது சட்டென்று புரியும். ரெண்டு பக்கப் புத்தகமும் நம்பிக்கையாக இருந்தால்தான் அந்த வேலை நடக்கும்.

பிறகு வட பிரான்சில் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியும் சேர்ந்தது. மொத்தம் சுமார் 90 லட்சம் பேர். 1917ல் அமெரிக்காவே போரில் இறங்கியதும், உள்ளே இருந்த அமெரிக்கர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. நடுநிலை நாடுகளான ஸ்பெயினும் ஹாலந்தும் மேற்பார்வையை ஏற்றன. ஆள் மாறியும் வேலை நிற்கவில்லை. எழுதி வைத்த முறை இருந்தது, அடுத்தவர் பிடித்துக்கொண்டார்.

1919 வரை நடந்த இந்த வேலையில் 50 லட்சம் டன்னுக்கும் மேல் உணவு போய்ச் சேர்ந்தது. நிர்வாகச் செலவு நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. பணத்தில் பெரும் பங்கு பிரிட்டன், பிரான்ஸ், பிறகு அமெரிக்க அரசாங்கங்கள் கொடுத்தது. வேலை முடிந்து கணக்கை மூடியபோது பணம் மிச்சம் இருந்தது. அது பெல்ஜியத்துப் பல்கலைக்கழகங்களுக்கும், 1920ல் தொடங்கிய பெல்ஜிய–அமெரிக்கக் கல்வி அறநிலையத்துக்கும் போனது. பசிக்கு வந்த பணம் படிப்புக்குப் போனது.

ஹூவரைச் சாமியாக்க நாங்கள் இதை எழுதவில்லை. பின்னாளில் அவரே அமெரிக்க ஜனாதிபதி ஆனார். 1929ல் பொருளாதாரம் சரிந்தபோது, சொந்த நாட்டு ஏழைகள் தகரக் குடிசை போட்டு, அந்தக் குடிசைப் பகுதிக்கு அவர் பெயரையே வைத்துத் திட்டினார்கள். 1932 தேர்தலில் தோற்றார். அந்தக் குறை அவரோடு. ஆனால் பெல்ஜியத்தில் ரொட்டி போய்ச் சேர்ந்தது உண்மை. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் கப்பல்காரர், படகுக்காரர், ரொட்டி சுட்டவரோடு பேனா பிடித்தவருக்கும் சம பங்கு உண்டு.

இப்ப நம்ம கதைக்கு வருவோம்.

எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆலயத்தில், வெளிநாட்டு வெள்ளத்துக்கு வசூல் செய்தார்கள். யாரும் ஒரு காசு திருடவில்லை. பொருள் வாங்கி அனுப்பியதும் உண்மை. ஆனா ரசீது பாதி இல்லை, எவ்வளவு போச்சுன்னு ஒரு தாளில் எழுதி ஒட்டவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார். பொறுப்பில் இருந்தவருக்குக் கோபம் வந்தது: "என்னைத் திருடன்னு சொல்றீங்களா?" கையில் காட்ட ஒன்றும் இல்லாததால் கோபம் மட்டும்தான் மிஞ்சியது. இருபது வருஷம் சேர்ந்து தேர் இழுத்த ரெண்டு குடும்பம் இன்றைக்கும் பேசிக்கிறதில்லை. அடுத்த பேரிடருக்கு அங்கே வசூலும் இல்லை. கடைசியில் நஷ்டம் யாருக்கு? எங்கேயோ தண்ணீரில் நிற்கிற, நம்மைத் தெரியாத ஒரு அம்மாவுக்கு.

அதனால்தான் மூட்டையை எண்ணுகிறோம். ரெண்டு பேர் கையெழுத்துப் போடுகிறோம். உபயகாரர் பத்து வெள்ளி கொடுத்தாலும் ரசீது தருகிறோம். மிச்சம் இருந்தால் மிச்சம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதுகிறோம். சாமிக்குக் கணக்குத் தெரியும், உண்மைதான். ஆனா கொடுத்தவருக்கும் தெரியணும், நமக்குப் பின்னால் இந்தப் பொறுப்புக்கு வரப்போற பிள்ளைக்கும் தெரியணும்.

யாராவது கணக்குக் கேட்டால் கோபப்படாமல் புத்தகத்தை எடுத்து நீட்ட எங்களுக்கும் பழக்கம் வரணும். கேளுங்க. தாராளமா கேளுங்க.

அடுத்த அன்னதானத்தில், பந்தி ஓரத்தில் ஒருத்தர் நோட்டும் பேனாவும் வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், வேலை செய்யாமல் இருக்கிறார் என்று நினைக்காதீங்க. ஒரு நிமிஷம் கூட நின்னு, காலிச் சாக்கை மடிச்சு, எண்ணிக் கொடுத்துட்டுப் போங்க.

சிவாயநம.
அன்புடன், ஆலயத் தொண்டர்கள்