வெல்டிங் தரநிலைகள் (தமிழ்நாடு)

உலோகத் துண்டுகளை உருக்கி ஒன்றாக்கும் வேலையை யார் செய்யலாம், எப்படிச் செய்ய வேண்டும், செய்து முடித்ததை எப்படிச் சோதிக்க வேண்டும் என வகுக்கும் விதிகளின் தொகுதி. தமிழ்நாட்டில் இவற்றின் வரலாறு பெரும்பாலும் திருச்சியிலும் கல்பாக்கத்திலும் நிகழ்ந்தது. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக் கரையில் அதன் விளைவுகளைக் காணலாம். உலக அரங்கில் இத்துறைக்கு இங்கிருந்து உழைத்தோரைச் சொல்லும்போது முதலில் வரும் பெயர் பல்தேவ் ராஜ் (1947–2018).

சொல்: பாடநூல்களில் ‘பற்றவைப்பு’, பட்டறையில் ‘வெல்டிங்’. தட்டார் வழக்கிலுள்ள ‘பற்றாசு’ வேறோர் உலோகத்தை இடையில் உருக்கி ஒட்டுவது. அதை வெல்டிங்குக்கும் பொதுப்பெயராகக் கொள்ளலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ‘பொடி வைத்து ஊதுவது’ என்னும் பேச்சு வழக்கு தட்டாரின் பற்றாசு வேலையிலிருந்தே வந்தது என்பது பரவலான விளக்கம். இக்கட்டுரை பட்டறைச் சொல்லையே கொள்கிறது.

தொடக்கம்: சோழமண்டலக் கரையில் நெடுங்காலம் இணைப்பு என்றால் கயிறுதான், கட்டுமரம் கட்டப்பட்டது, மசூலாப் படகு தைக்கப்பட்டது. இரும்புக்கு விதி வந்தது கொதிகலனால். 1923ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டமும், அதன்கீழ் வந்த 1950ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளும் உயரழுத்த வேலை செய்யும் வெல்டரைத் தேர்வுக்கு உட்படுத்தின. அந்த ஒழுங்குமுறைகளின் ஆங்கிலச் சுருக்கம் ஐ.பி.ஆர்.; ‘ஐ.பி.ஆர். பாஸ்’ என்பது இன்றும் தொழிலாளியிடம் ஒரு பட்டம். பன்னாட்டு வெல்டிங் நிறுவனம் 1948இல் 13 நாடுகளுடன் தொடங்கியது. இந்திய வெல்டிங் கழகம் 1966இல் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. திருச்சி பெல் கொதிகலன் ஆலை வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் 1975இல் ஐ.நா. உதவியுடன் நிறுவப்பட்டது.

பொது அளவுகோல்கள்: பன்னாட்டு நிறுவனத்தின் குழுக்கள் வரைவு எழுதும், பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ. அதை உறுப்பு நாடுகளின் வாக்குக்கு விட்டுத் தரநிலையாக வெளியிடும். அக்குழுக்கள் தந்தவற்றுள் தமிழ்நாட்டுச் சோதனைக் கூடங்களுக்கு மிகப் பழக்கமானது ‘வி1 பிளாக்’. 300 மி.மீ. நீளம், 100 மி.மீ. உயரம், 25 மி.மீ. தடிமன் உள்ள எஃகுக் கட்டி அது. ஒரு முனை 100 மி.மீ. ஆரத்தில் வளைந்திருக்கும், உடலில் 1.5 மி.மீ. துளை ஒன்றும், பெர்ஸ்பெக்ஸ் வில்லை பதித்த 50 மி.மீ. துளை ஒன்றும் இருக்கும். மீயொலிக் கருவியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகும் தொழில்நுட்பர் முதலில் இதன்மேல் எண்ணெய் தடவி, புரோபை வைத்து முன்னும் பின்னும் நகர்த்தி, எதிரொலி உச்சம் தொடும் இடத்தைப் பார்த்துக் கருவியைச் சரிசெய்வார். கல்பாக்கத்திலும் கொரியாவிலும் ஒரே கட்டி. இந்த இரும்பைவிடத் தெளிவாகத் தரநிலை என்பதை விளக்கும் பொருள் வேறில்லை எனலாம்.

ஃபெரைட் எண்ணும் அத்தகையதே. துருப்பிடிக்காத எஃகு வெல்டில் கொஞ்சம் ஃபெரைட் இருந்தால்தான் சூட்டில் விரிசல் விடாது. மிகுந்தால் வேறு கேடு. ஒரே மாதிரித் துண்டை அளந்த கூடங்கள் வெவ்வேறு சதவீதம் சொல்லின. சண்டையைத் தீர்க்க முடியாமல் சதவீதத்தையே கைவிட்டு, காந்தம் இழுக்கும் விசையை வைத்து ஓர் எண்ணை ஒப்புக்கொண்டார்கள்.

எல்லாவற்றிலும் ஒப்புதல் வந்துவிடவில்லை. எஃகு வெல்டில் விரிசல் விடும் வாய்ப்பைக் காட்டும் கார்பன் சமனைக் கணக்கிட 1967இல் பன்னாட்டு நிறுவனம் தந்த வாய்பாடு இன்றைய குறைகார்பன் எஃகுகளுக்குப் பொருந்தாது என்போர் ஜப்பானிய வாய்பாட்டைக் கொள்கின்றனர். வெல்டிங் ராடுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 2560 ஒரே அட்டைக்குள் ‘ஏ’, ‘பி’ என இரு முறைகளைத் தாங்கியிருக்கிறது. ஐரோப்பா ஒன்றைப் பிடித்துக்கொண்டது, பசிபிக் நாடுகள் மற்றதை.

பல்தேவ் ராஜ்: ஜம்முவில் பிறந்தவர். 1969இல் அணுசக்தித் துறையில் சேர்ந்து, 1970களின் நடுவில் கல்பாக்கம் வந்தார். பொருளைச் சிதைக்காமல் சோதிப்பது அவர் துறை. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக 2004 முதல் 2011 வரை இருந்தார். 2007இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் காலத்து வேலையின் தன்மைக்கு கல்பாக்கத்து முன்மாதிரி வேக ஈனுலையின் நீராவி ஆக்கி ஒன்றே சான்று. ஓர் ஆக்கியில் 23 மீட்டர் நீளமுள்ள 547 குழாய்கள். மொத்தம் எட்டு ஆக்கிகள். ஒவ்வொரு குழாயும் இரு முனைகளிலும் தாங்குதட்டோடு உள்துளை வழியாக வெல்டு செய்யப்பட வேண்டும்: 8,752 இணைப்புகள். குழாய்க்குள் தண்ணீர், வெளியே உருகிய சோடியம். ஓர் இணைப்பு கசிந்தாலும் இரண்டும் சந்திக்கும். குழாயின் குறுகிய துளைக்குள்ளேயே நுண்குவிய எக்ஸ் கதிர் முனையை நுழைத்து ஒவ்வோர் இணைப்பையும் படமெடுக்கும் முறை இதற்காகக் கையாளப்பட்டது.

2011 ஜூலை 17 முதல் 22 வரை பன்னாட்டு வெல்டிங் நிறுவனத்தின் ஆண்டுப் பேரவை சென்னையில் கூடியது. அதையொட்டிப் பல்தேவ் ராஜ் அந்நிறுவனத்தின் தலைவரானார். 2014 வரை அப்பதவியில் இருந்தார். தரநிலைப் பணிக்கென்றே அந்நிறுவனம் ‘தாமஸ் பதக்கம்’ வழங்குகிறது. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் ஆர். டேவிட் தாமஸ் பெயரால் அமைந்தது அது. வரைவைத் திருத்தித் திருத்தி ஆண்டுகளைக் கழிப்போருக்குக் கிடைக்கும் அரிய மரியாதை அது என்பதைக் குறிப்பிட வேண்டும். தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளைப் பற்றியும் பல்தேவ் ராஜ் பிறருடன் இணைந்து ஒரு நூல் எழுதினார். உலைக்குழாயைச் சோதித்த கண்ணே சாமி சிலையையும் பார்த்தது. 2018 ஜனவரி 6இல் புனேயில் காலமானார்.

பழவேற்காடு: ஏரியின் தென்பக்கத்தில் வல்லூர், வடசென்னை அனல்மின் நிலையங்களும் காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டுந்தளமும் உள்ளன. திருச்சியில் செய்த கொதிகலன் பாகங்கள் இங்கே களத்தில் இணைக்கப்பட்டன. காட்டுப்பள்ளியில் கட்டிய கடலோரக் காவல்படை ரோந்துக் கப்பல் ‘விக்ரம்’ 2018இல் சேவையில் சேர்ந்தது. இப்படிப்பட்ட இடங்களில் தேர்வில் தேறாத கை ராடைப் பிடிக்க முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற மீனவ ஊர்களில் நிலைமை வேறு. படகின் உடல் ஃபைபர். வெல்டிங் தேவைப்படுவது இன்ஜினைத் தாங்கும் சட்டத்துக்கும் நங்கூரத்துக்கும். உப்புக்காற்று இரண்டையும் தின்னும். அதே காற்றின் ஈரத்தை 7018 வகை ராடு உறிஞ்சினால் வெல்டுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, வேலை முடிந்து மணிக்கணக்கான பின்னும் விரிசல் விடும். அதனால் 300 டிகிரிக்கு மேல் சுட்டு, சூடான பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும் என்பது விதி. சுடுவதற்கு அடுப்பு வைத்திருக்கும் தெருக்கடை அரிது. ஏரியில் யார் எங்கே எந்நாளில் வலை விரிப்பது எனச் சீட்டுக் குலுக்கி முறை வகுத்த பாடு வழக்கமும் ஒருவகைத் தரநிலையே. இவ்வூர்கள் அதை எந்தப் பன்னாட்டுக் குழுவுக்கும் முன்பே நடத்திவந்தன.

அண்மைக் காலம்: 1923ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய கொதிகலன் சட்டம் வந்தது. பன்னாட்டு நிறுவனத்தின் செயலகம் பிரான்சிலிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்கு மாறியது.

சான்றிதழ்: 45 டிகிரி சாய்ந்த அசையாக் குழாயைச் சுற்றி வெல்டு செய்யும் சோதனை தமிழ்நாட்டில் ‘6ஜி’ என்றே அறியப்படும், அது அமெரிக்கக் குறியீடு. கீழிருந்து மேலாகச் செய்தால் ஐ.எஸ்.ஓ. முறையில் ‘எச்-எல்045’. ஐ.எஸ்.ஓ. 9606-1 சான்றிதழில், வெல்டர் அதே வகை வேலையைத் தொடர்ந்து செய்கிறார் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து விடுபட்டால் சான்றிதழ் செல்லாது.