வேகமா, பத்திரமா?

பேராக் ரப்பர்த் தோட்டங்களில் பால் நிறுத்ததும் கிராணி கைப்புத்தகத்தில் குறித்துக்கொள்வார். ஆபீஸ் பேரேட்டில் பிறகுதான் ஏற்றுவார். இடையில் கைப்புத்தகம் நனைந்துபோனால் நம் சம்பளம் என்னாவது?

கணினியிலும் இதே கவலைதான். எழுதியதை நினைவகத்தில் நிறுத்திப் பிறகு வட்டில் பதித்தால் வேகம். மின்சாரம் நின்றால் இழப்பு. 1993இல் லினக்ஸ் இயங்குதளத்துக்கு வந்த எக்ஸ்ட்2 கோப்பமைப்பில் நாட்குறிப்பு கிடையாது. 2001இல் சேர்ந்த எக்ஸ்ட்3 மாற்றங்களை முன்னதாகவே குறித்துவைத்தது. வட்டை இணைக்கையில் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 'ஜர்னல்' எல்லாவற்றையும் இருமுறை எழுதும், மெதுவானதுதான். 'ஆர்டர்டு' உள்ளடக்கத்தை வட்டில் இட்ட பிறகே குறிப்பை உறுதிசெய்யும். 'ரைட்பேக்' அந்த வரிசையைப் பார்ப்பதில்லை.

2009இல் வேகம் கருதி ரைட்பேக்கையே வழக்கமாக்கினர். அவசரம் என்றே நமக்குப் படுகிறது. மின்தடைக்குப் பின் கோப்புக்குள் பழைய, பிறருடைய தரவுகூடத் தலைகாட்டலாம். 2010இல் ஆர்டர்டு மீண்டும் வழக்கமாயிற்று.